யாரும் தொடாத மண்

எனக்கு அந்த வேலை கிடைத்தது மண்ணைப் பற்றி ஏதாவது தெரியும் என்பதால் அல்ல, தமிழ் தெரியும் என்பதால். மண்ணைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மொட்டை மாடியில் அண்ணி வைத்திருக்கும் நாலு ரோஜாத் தொட்டிக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதுதான். அதையும் பாதி நாள் மறந்துவிடுவேன்.

கேரளத் தலைநகரத்தில், ஆரியசாலைக் கடைத்தெருவில் அண்ணனுக்கு மொத்த வியாபாரக் கடை. வற்றல் மிளகாய்ச் சாக்குக்கும் மல்லிச் சாக்குக்கும் நடுவில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது நாஞ்சில் நாட்டுத் தமிழ். இரண்டும் வாசிக்க, எழுத வரும். இதை ஒரு தகுதி என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் வரும். நகரத்தில் ஓர் அலுவலகம் மண்ணையும் நிலத்தையும் பாதுகாக்க ஒரு கொள்கை வரைவு தயாரிக்கிறது, மலைத் தோட்டத்தில் இருக்கும் தமிழ்த் தொழிலாளிகளிடம் கருத்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும், ஒப்பந்த வேலை என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னபோது அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஏட்டி, அவங்க சொல்லுகத இவங்ககிட்டச் சொல்லணும், இவங்க சொல்லுகத அவங்ககிட்டச் சொல்லணும். இதுக்குச் சம்பளமாக்கும்? இத நீ நம்ம வீட்டுல சும்மாவே செய்துகிட்டுதானே இருக்க!”

அவரும் அண்ணியும் பேசாமல் இருக்கும் நாட்களில் நான் நடத்தும் தூது வேலையைச் சொன்னார். உண்மைதான். அண்ணி சமையலறையிலிருந்து, “ஒங்க அண்ணனுக்கு இப்ப சோறு ஒண்ணுதான் கேடு, வந்து கொட்டிக்கிடச் சொல்லு” என்பார். நான் முன்னறைக்கு வந்து, “சாப்பிட வரச் சொல்லுகா அண்ணி” என்பேன். அண்ணன், “அவ மூஞ்சியப் பாத்துகிட்டு மனுசன் சாப்பிடுவானா” என்பார். நான் உள்ளே போய், “கொஞ்ச நேரம் கழிச்சு வாராராம்” என்பேன். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. வீட்டில் இதுவரை ஒரு தட்டுகூடப் பறந்ததில்லை.

அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலியும் அரை மேசையும் கொடுத்தார்கள். அங்கே நாளுக்கு நூறு முறை காதில் விழுந்த வார்த்தை ஸ்டேக்ஹோல்டர். அதைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். பங்குதாரர் என்று எழுதினால் கடையில் பங்கு கேட்டு ஆள் வந்துவிடும் என்று எனக்கு ஆரியசாலைப் பயம். ‘தொடர்புடையவர்கள்’ என்று எழுதினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே வேறு யாரும் அதை வாசிக்கப் போவதில்லை.

வரைவு நீளமானது. அதில் இந்தக் கதைக்கு வேண்டியது ஒரே ஒரு விதி. மலையில் மிகவும் சரிவான இடங்களில் இனிமேல் யாரும் மண்ணைக் கொத்தக் கூடாது. அப்படிப்பட்ட இடங்களில் மரக்கன்று நட்டுவிடுவார்கள். ஆனால், ஏற்கெனவே கல்லடுக்கிப் படிப்படியாகக் கையாலை என்னும் தடுப்புச்சுவர் கட்டி யாராவது பயிர் செய்துகொண்டிருந்தால், கள ஆய்வில் அது பதிவாகியிருந்தால், அவர்கள் அதைத் தொடரலாம். பதிவு என்பது இரண்டு பக்கப் படிவம். ஆய்வுக்குப் போகும் அன்று குடியிருப்பவர்கள் வாயால் சொல்லி, எழுதி, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

இதை வடிவமைத்த மண் ஆய்வு அதிகாரி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துபோகும். வடக்கே கண்ணூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், கைப்பையில் எப்போதும் நாலைந்து மண் பொட்டலம் வைத்திருப்பார். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து வைப்பார். தமிழ் மெதுவாகப் பேசினால் பாதி ஊகிப்பார், வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. மக்களைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

முதல் கலந்தாய்வுக் கூட்டம் நகரத்தில், குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் நடந்தது. முன்வரிசையில் தோட்ட முதலாளிகள், குவாரிக்காரர்கள், பேராசிரியர்கள், மரம் வளர்க்கச் சொல்கிறவர்கள். கடைசி வரிசையில் மலையிலிருந்து வந்த ஐந்து பேர். போனக்காட்டு வழியில் பிரிந்து மேலே போகும் ஒரு பழைய தேயிலைத் தோட்டம் அவர்களுடையது. அவர்களுடையது என்று நான் சொல்கிறேன், அவர்கள் சொல்ல மாட்டார்கள். கம்பெனி தோட்டத்தை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகிவிட்டது. போக்கிடம் இல்லாத பதினைந்து குடும்பங்கள் மட்டும் லயத்தில், அதாவது கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், இன்னும் இருந்தன. ஐவரும் நாலு மணிக்கு எழுந்து, இறங்கி நடந்து, காலைப் பஸ் பிடித்து விதுரா வந்து அங்கிருந்து வேறு பஸ் மாறி வந்திருந்தார்கள். அவர்களுடைய தலைவர் பழைய பாக்டரித் தொழிலாளி, யூனியனில் இருந்தவர். அவருடைய முறை வந்தபோது எழுந்து, “ரோடு சரியில்ல சார். பஸ்ஸு ஒரு நேரந்தான் வருது. மத்தபடி எல்லாம் நல்லாருக்கு” என்றார். நான் மொழிபெயர்த்தேன். குறிப்பெடுப்பவர் ‘பொருளுக்கு வெளியே’ என்று எழுதிக்கொண்டார்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றது அந்த ஐவரில் ஒரு பெண். என் வயதுதான், ஐம்பத்திரண்டு ஐம்பத்து மூன்று. கொழுந்து கிள்ளிக் கிள்ளிப் பழகிய விரல் நுனிகள் கறுத்திருந்தன. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா? இந்தச் சட்டம் வந்தா எங்க தோட்டம் போயிருமா?”

“என்ன தோட்டம்?”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். லயத்துக்குப் பின்னால் சரிவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. இவருக்கு ஒன்பது படி. “நானும் எங்க வீட்டுக்காரரும் ஓடையிலிருந்து கல்லு சொமந்து கட்டினது. அவரு போயி ஆறு வருசம். அந்த ஒம்பது படியிலதான் மரவள்ளி, அவரை, சேனை, காச்சில் எல்லாம். வாரம் ஒருக்கா விதுரா சந்தைக்குக் கொண்டுபோவேன். அது போச்சுன்னா மலைய விட்டு எறங்க வேண்டியதுதான். எறங்கி எங்க போக? மக திருப்பூர்ல ஒத்த ரூம்ல நாலு பேரோட கெடக்கா. அவ காலடியில போயி விழணும், இல்லன்னா யாரு வீட்டுலயாவது ஏனம் கழுவணும்.”

நான் விதியைச் சொன்னேன். கணக்கெடுக்க வருவார்கள், கல்லுக்கட்டைக் காட்டுங்கள், படிவத்தில் எழுதிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. “காட்டுறதா? மூடித்தானே பழக்கம் எங்களுக்கு!” என்றார். பழைய மேனேஜர் காலத்திலிருந்து அப்படி. லயத்துக்குப் பின்னால் ஒரு கொடியைக் கண்டாலும் பிடுங்கி எறிவார்கள், நட்டவருக்கு இரண்டு நாள் வேலை கிடையாது. அதனால் மேலே ஏறும் ஜீப் கடைசி வளைவுக்கு வந்ததும் கீழ் லயத்தில் ஒருவர் தகரத்தைத் தட்டுவார். அரை மணி நேரத்தில் மேலே எல்லாப் படிகளும் கவாத்தில் வெட்டிய தேயிலைக் கழியாலும், காய்ந்த இலையாலும், விறகாலும் மூடியாகிவிடும். மேனேஜர் போய்விட்டார், கம்பெனியும் போய்விட்டது, தகரம் மட்டும் நிற்கவில்லை. “போன மாசம் மலேரியாக்கு மருந்தடிக்க ஜீப்பு வந்துச்சு. அதுக்கும் தட்டிட்டாங்க!”

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “காட்டினா நெசமாவே ஒண்ணும் ஆகாதுல்ல, அக்கா?” என்றார்.

“ஆகாது. தைரியமாக் காட்டுங்க. நானும் கூட வருவேன்.”

அன்று சாயங்காலம் கடைக்கு வந்து அண்ணனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் மிளகாய்க் காம்பைக் கிள்ளியபடி, “ம்” என்றார்.

ஆய்வுக்குப் போகும் நாளுக்கு முந்தின நாள் நான் செய்த காரியத்தை யாரும் செய்யச் சொல்லவில்லை. கூட்டத்து வருகைப் பதிவேட்டில் தலைவருடைய போன் நம்பர் இருந்தது. சிக்னல் கிடைப்பது அவர் வீட்டு முற்றத்தில் மட்டும்தான். கூப்பிட்டு, “நாளைக்குக் காலையில வாறோம், எல்லாரும் வீட்டுல இருங்க” என்று சொன்னேன். சொல்லாமல் போனால் ஆட்கள் இல்லாமல் போய்விடுவார்கள் என்ற நல்ல எண்ணம். “சரி மேடம், ரொம்ப உபகாரம்” என்றார் தலைவர். அந்த உபகாரம் எதற்கு என்று எனக்கு அடுத்த நாள் விளங்கியது.

ஜீப்பில் அதிகாரி, அளவையாளர் ஒருவர், நான், டிரைவர். கடைசி வளைவில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தகரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பரவாயில்லையே, பழக்கத்தை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். முந்தின நாளே மேடம் போன் போட்டுச் சொல்லியிருக்கும்போது தகரம் எதற்கு? தகரம் தட்டியதே நான்தான்.

மேலே பதினைந்து குடும்பமும் வரிசையாக நின்றது, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது நிற்பதுபோல. பின்னால் இருந்த சரிவைப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க அவகாசம் கிடைத்தால் இவ்வளவு நன்றாக மூட முடியும் என்று எனக்குத் தெரியாது. கவாத்துக் கழி, பெரணிச் சருகு, முறிந்த மரக்கிளை, நடு நடுவே ஒரு கிழிந்த நீலத் தார்ப்பாய். மரவள்ளித் தண்டையெல்லாம் முறித்து உள்ளே சாய்த்திருந்தார்கள். ஏதோ ஒரு பெருமழையில் மலையே குப்பையை இழுத்துக்கொண்டு வந்து போட்டதுபோல இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் சருகுக்கு வெளியே ஓர் அவரைக் கொடியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது, ஊதாப்பூ இரண்டோடு.

அதிகாரி மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். “இந்தச் சரிவுல யாராவது விவசாயம் செய்றீங்களா?”

“இல்ல சார்,” என்றார் தலைவர். “கம்பெனி நெலம். நாங்க கை வைக்கிறதில்ல.”

ஒவ்வொரு வீடாகக் கேட்டோம். இல்ல சார். இல்லீங்க. இல்ல சார். ஒன்பது படிக்காரம்மாவின் முறை வந்தது. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, “இல்ல” என்றார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த எழுத்து மட்டும் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது, அழுத்தி எழுதியதில் காகிதம் லேசாகக் கிழிந்தது.

தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, நான் கேட்காமலே விளக்கம் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நாங்க பேசித்தான் முடிவெடுத்தோம். பயிர் வெச்சிருக்கோம்னு எழுதிக் கொடுத்தா, கம்பெனி நெலத்துல கை வெச்சோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அதக் காட்டி லயத்த விட்டே எறக்கிருவானுங்க. எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். ஒருத்தர் மாத்திச் சொன்னா பதினஞ்சு வீடும் போச்சு.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

அதிகாரிக்கு மண் மாதிரி எடுக்க வேண்டும். எங்கே எடுப்பது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. சரிவில் நாலடி இறங்கி, பூட்ஸ் காலால் சருகைத் தள்ளி, கையோடு கொண்டுவந்த இரும்புக் குழாயை மண்ணில் திருகி இறக்கினார். அது ஒன்பது படிக்காரம்மாவுடைய படி என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. குழாயை வெளியே எடுத்து மண்ணைத் தட்டில் கொட்டினார். கன்னங்கரேலென்று, பொலபொலவென்று, இரண்டு மண்புழுவோடு விழுந்தது. அதிகாரி ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. மலையாளத்தில் சொன்னார்: “இது மனுஷன் கை படாத மண். இவ்வளவு சரிவில் இவ்வளவு ஆழத்துக்கு இப்படி ஒரு மண் நிற்கிறது என்றால், யாரும் தொடாமல் விட்டதால்தான். இவர்களிடம் சொல்லுங்கள், இனியும் இதை யாரும் தொடக் கூடாது.”

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து கேரளத்தில் இருப்பவருக்கு மலையாளம் கேட்டால் விளங்காதா என்ன? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதியது அலுவலகம், அவரில்லை. வரிசையை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தார். வந்த வேகத்தில், ஒரே மூச்சில், தமிழில் கொட்டினார்.

“யாரும் தொடாத மண்ணா? அது நான் போட்ட சாணி சார்! ஒம்பது படி கல்லுக்கட்டு அந்தக் குப்பைக்குக் கீழ கெடக்கு. நானும் எங்க வீட்டுக்காரரும் சொமந்து கட்டினது. அந்தக் கல்லு இல்லன்னா இந்த மண்ணு எப்பவோ ஓடைக்குப் போயிருக்கும்!”

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “சும்மா இரு புள்ள” என்றார். பக்கத்து வீட்டுக்காரி அவருடைய முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வானம் இருண்டுகொண்டு வந்தது, ஜீப் டிரைவர் ஹார்னை லேசாகத் தட்டினார். அதிகாரி மண்ணைக் கையில் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எந்தா பறஞ்ஞது?”

என்ன சொன்னார் என்று கேட்கிறார். பதினைந்து வீடும் என் வாயைப் பார்க்கிறது. நான் என்ன செய்தேன்? எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் இத்தனை வருஷம் எதைச் செய்தேனோ அதையே செய்தேன்.

“நல்ல மண்ணு என்று சொல்கிறார்,” என்றேன்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. அந்த அம்மாவைப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். நான் சொன்னதும் மலையாளம்தானே, அதுவும் அந்த அம்மாவுக்கு விளங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, திரும்பி வரிசைக்குப் போய்விட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னதைத் திருத்தவில்லை.

கிளம்பும்போது தலைவர் ஒரு பை நிறைய அவரைக்காயும் இரண்டு பெரிய காச்சில் கிழங்கும் கொண்டுவந்து ஜீப்பில் வைத்தார். மேலே வந்தவர்களை வெறுங்கையோடு இறக்கிவிட்டால் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். முந்தின நாளிலிருந்து மூடி மறைத்ததைக் கடைசியில் பையில் போட்டு நீட்டினார்கள். அதிகாரி சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, எங்கே விளைந்தது என்று கேட்டார்.

“விதுரா சந்தையில வாங்கினது சார்,” என்றார் தலைவர், கண் இமைக்காமல். அதையும் நான் மொழிபெயர்த்தேன்.

பாதி அவரைக்காய் என் பங்குக்கு வந்தது. அண்ணி பொரியல் வைத்து, “நல்ல பிஞ்சுட்டி, எங்க வாங்கின?” என்றார். தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் நிறைய. பதினைந்து வீட்டைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், மழை வருகிறது, எல்லோரும் ஜீப்புக்குப் போக அவசரப்படுகிறார்கள், நான் ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அங்கே பெரிய களேபரம் ஆகும், அது எனக்குப் பிடிக்காது. இவ்வளவுதான் விஷயம். களேபரம் பிடிக்காதவளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது.

சில மாதத்தில் வரைபடம் வந்தது. அந்தச் சரிவு முழுக்கப் பச்சை நிறம். பக்கத்தில் குறிப்பு: மனிதத் தலையீடு இல்லை, மண் இயற்கை நிலையில் உள்ளது, மரக்கன்று நடத் தகுந்தது. அதன் தமிழ் வடிவத்தைத் தட்டச்சு செய்தது நான். ‘தலையீடு’ என்ற வார்த்தையில் ஒரு எழுத்துப் பிழை விழுந்தது, திருத்தினேன். கன்று நடும் இடங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சி அடித்துவிட்டார்கள் என்று அளவையாளர் வந்து சொன்னார். அடுத்த மழைக்குக் குழி வெட்டுவார்களாம். தலைவருடைய நம்பர் என் போனில் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

ஆட்சேபம் கேட்கும் கடைசிக் கூட்டம் ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்து, அதே மண்டபத்தில். மலையிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன், நினைத்தேன் என்பதைவிட வேண்டிக்கொண்டேன் என்பது சரி. மேடையில் தலைமை தாங்க வேறு ஒரு பெரிய அதிகாரி, மூக்குக்கண்ணாடி போட்ட பெண்மணி. மண் ஆய்வு அதிகாரி அவருக்குப் பக்கத்தில். கீழே மைக்குக்கு அருகில் என் நாற்காலி. பதினோராவது ஆளைக் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து வந்தார். கூட யாரும் இல்லை. தலைவரை மீறித்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

நான் எழுந்து மைக்குப் பக்கம் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்து மலையாளத்தில் சொன்னார்: “எனிக்கு ஆளு வேண்டா. ஞான் தன்னே பறயாம்.” எனக்கு ஆள் வேண்டாம், நானே சொல்கிறேன். தடுக்கித் தடுக்கிப் பேசிய சந்தை மலையாளம் அது. ஆனால் ஒரு விஷயமும் விடுபடவில்லை. சரிவு, கல், சாணி, புருஷன், முளைக்குச்சி. குழி வெட்டினால் கல்லுக்கட்டு சரியும், கல்லுக்கட்டு சரிந்தால் மண் நிற்காது, மண் போனால் நான் மலையில் இருக்க முடியாது என்று சொல்லி முடித்தார்.

மண் ஆய்வு அதிகாரி கோப்பைப் புரட்டிப் படிவத்தை எடுத்தார். அவருடைய குரலில் குற்றச்சாட்டு இல்லை, நிஜமான குழப்பம்தான் இருந்தது. “இதில் பயிர் இல்லை என்று நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது, நல்ல மண் என்று கூடச் சொன்னீர்கள். இதையெல்லாம் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?”

“அன்னு பறஞ்ஞல்லோ, சாரே.”

அன்றைக்கே சொன்னேனே சார். என் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. நீட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அதிகாரியின் பார்வை மெதுவாக அந்த அம்மாவிடமிருந்து என் மேல் வந்து நின்றது.

அந்த மண்டபத்தில் அன்று மலையில் இருந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அந்த அம்மா தமிழில் சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். இல்லை என்று சொன்னால் முடிந்தது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காகிதம் அந்த வாரம்தான் மேலே போயிருந்தது. இதெல்லாம் மனதில் ஓடியது, ஓடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

“சொன்னார்,” என்றேன். “நான்தான் சொல்லவில்லை.”

தலைமை தாங்கியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என்ன சொன்னார்?”

சொன்னேன். ஒரு வருஷமாக வார்த்தை மாறாமல் எனக்குள்ளேயே கிடந்த வாக்கியம். யாரும் தொடாத மண்ணா, அது நான் போட்ட சாணி, ஒன்பது படி கல்லுக்கட்டு அந்தக் குப்பைக்குக் கீழே கிடக்கிறது, நானும் என் புருஷனும் சுமந்து கட்டியது, அந்தக் கல் இல்லை என்றால் இந்த மண் எப்போதோ ஓடைக்குப் போயிருக்கும். மலையாளத்தில் ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். மண் ஆய்வு அதிகாரி தலையைக் குனிந்து அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அன்று அவர் கையில் வைத்து முகர்ந்த மண் அது.

தலைமை தாங்கியவர் அவரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டார். பிறகு மைக்கில், குழி வெட்டும் வேலையை நிறுத்திவைக்கவும், அந்தச் சரிவை மறுபடி போய்ப் பார்க்கவும் சொன்னார். குறிப்பெடுக்கும் எழுத்தரிடம், “பதிவு செய்யுங்கள். கல் கையாலை, ஒன்பது” என்றார்.

“பதினொண்ணு,” என்றார் அந்த அம்மா.

எழுத்தர் பேனாவைத் தூக்கினார். “ஒன்பது என்றல்லவா இப்போது சொன்னார்கள்?”

“அன்னு ஒம்பது. பின்னே ரெண்டு கூடி கெட்டி.” அன்றைக்கு ஒன்பது, அப்புறம் இன்னும் இரண்டு கட்டினேன். சிவப்பு முளைக்குச்சி எதையும் பிடுங்கவில்லை என்றும், அதற்கு நடுவில் இடம் விட்டுத்தான் கட்டினேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒன்பதா பதினொன்றா என்று கேட்பதற்கு எழுத்தர் பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்தார்.

“என்னைப் பார்க்காதீர்கள்,” என்றேன். “அவரையே கேளுங்கள்.”